பாடாங் செராய் கடைவரிசையில் ஒரு நானோமீட்டர் கடை

மலேசியாவில், கெடா மாநிலத்துப் பாடாங் செராய் பழைய கடைவரிசையில், கடைசி லாட்டின் கீழ்த்தளத்தில், மிக நுண்ணிய கூர் ஒன்றால் பரப்பை வருடிப் படமாக்கும் அணுவிசை நுண்ணோக்கி ஒன்றை வைத்துக் கட்டணத்துக்குப் படம் எடுத்துத் தருகிறார்கள். சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. அந்த இயந்திரமெல்லாம் பினாங்கிலோ கோலாலம்பூரிலோ பெரிய பல்கலைக்கழகத்துக்குள்தான் இருக்கும், நாம் விண்ணப்பம் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும் என்பது நமக்கு ஊறிப்போன எண்ணம். செம்பனைக் குலை ஏற்றிய லோரி போகிற தெரு, பக்கத்தில் டயர் கடை, எதிரே ரொட்டி சானாய் கடை. அங்கேதான் இருக்கிறது.

ரப்பர், பூச்சு, நுண்ணுயிர் என்று ஏதோ ஒன்றை ஆராய்ந்துகொண்டு, உருப்படியான ஒரு படத்துக்காக அலைகிறவர்கள் வடக்கில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மெல்லிய படலத்தை அளக்க வேண்டுமென்றால் தயங்காமல் போங்கள். நுண்ணுயிர் என்றாலும் போகலாம், ஆனால் கீழே எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் போங்கள்.

நான் வேலை செய்வது கித்தாப் பால், அதாவது ரப்பர் மரப்பால், ஆலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில். பாலில் அமோனியா எவ்வளவு, காய்ந்த ரப்பர் எத்தனை சதவீதம் என்று பார்ப்பது பிழைப்பு. மாலையிலும் வார இறுதியிலும் பகுதிநேர முதுகலை. ரப்பர் கலவையில் சிங்க் ஆக்சைடோடு சேர்க்கிறோமே ஸ்டியரிக் அமிலம், அது நாளாக ஆக மேற்பரப்புக்கு வந்து வெள்ளையாகப் பூத்து நிற்பதைப் பற்றியதுதான் என் ஆய்வு. கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிவதற்கு ரொம்ப முன்னாலேயே, ஒரே ஒரு மூலக்கூறு கனத்தில் அது எப்படிப் படிகிறது என்று நான் பார்க்க வேண்டும். ஒரு ஸ்டியரிக் அமில மூலக்கூறின் நீளம் சுமார் 2.5 நானோமீட்டர் (நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). சாதாரண ஒளி நுண்ணோக்கியில் ஏறக்குறைய 200 நானோமீட்டருக்குக் கீழே இருக்கிற இரண்டு புள்ளிகளைப் பிரித்துப் பார்க்க முடியாது. சரி, மின்னணு நுண்ணோக்கிக்குக் கொண்டு போகலாம் என்றால், மின்சாரம் கடத்தாத மாதிரிக்கு மேலே வழக்கமாகத் தங்கம் பூசுவார்கள்; அந்தத் தங்கமே பல நானோமீட்டர் கனம். பார்க்க வந்த படலம் தங்கத்துக்கு அடியில் போய்விட்டால் அப்புறம் எதைப் பார்ப்பது?

இதற்கு முன்னால், மாதிரிகளைத் தபாலில் வாங்கிக்கொண்டு படம் அனுப்பும் வேறோர் இடத்துக்கு அனுப்பியிருந்தேன். பெயர் வேண்டாம். வந்தது ஊதாவும் மஞ்சளுமாக மின்னும் முப்பரிமாணப் படம். உயர அளவுகோல் இல்லை. மூலக் கோப்பைக் கேட்டால் தருகிற வழக்கமில்லை என்றார்கள். பாக்டீரியா படத்தில் ஒவ்வொரு செல்லுக்கும் வலது பக்கம் அதே வடிவில் சின்னதாக இன்னொரு செல் ஒட்டிக்கொண்டிருந்தது, எல்லாம் ஒரே திசையில், ஒரே தூரத்தில். முனை உடைந்து இரண்டு கூராகிவிட்டால் அப்படித்தான் வரும். அதைக் கேட்டதற்கு, செல் பிரிந்துகொண்டிருக்கிறது என்று பதில் வந்தது. பணம் போனதைவிட அந்தப் பதில்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதே படத்தை ஒரு மாணவர் நம்பி ஆய்வேட்டில் ஒட்டியிருந்தால், உடைந்த சிலிக்கான் துண்டின் வடிவத்தை உயிரியல் என்று எழுதியிருப்பார்.

பாடாங் செராய் கடையை நடத்துவது ஒரு கணவனும் மனைவியும். அண்ணன், கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் சில்லுத் தொழிற்சாலை ஒன்றில் கருவிகளைப் பராமரித்தவர். அக்கா மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிர்ப் பிரிவில் இருந்தவர். இயந்திரம், தொழிற்சாலை கழித்துவிட்டதை ஏலத்தில் எடுத்தது; அதோடு வந்த கணினியில் இன்னும் விண்டோஸ் எக்ஸ்பிதான் ஓடுகிறது. பழசு என்று பின்வாங்காதீர்கள். உயரத்தை அளக்கிற விஷயத்தில் இந்தக் கருவிகள் பத்து இருபது வருடத்துக்கு முன்பே நன்றாகத்தான் இருந்தன, அதற்கப்புறம் வந்த முன்னேற்றத்தில் பெரும்பகுதி வேகத்திலும் வசதியிலும்தான். பழைய கருவியை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரிந்த கை இருந்தால் போதும், இங்கே இருக்கிறது.

பின்னறைக்குள் போனதும் முதலில் கண்ணில் படுவது ஒரு கருங்கல் பலகை. இரும்புச் சட்டத்திலிருந்து நான்கு தடித்த ரப்பர் கயிறுகளில் தொங்குகிறது, அதன் மேல் நுண்ணோக்கி. கல்லறைக்கல் செதுக்குகிறவரிடம் வாங்கிய பலகை என்றார் அண்ணன். கல்லின் பாரத்தில் கயிறு 25 சென்டிமீட்டர் நீண்டு நின்றால், அது தானாக ஆடும் வேகம் நொடிக்கு ஒரு முறை என்ற அளவுக்கு இறங்கிவிடும். மின்விசிறியும் மோட்டாரும் லோரியும் தரையில் கிளப்புகிற அதிர்வு பெரும்பாலும் அதைவிடப் பல மடங்கு வேகமானது, அதனால் கயிற்றைத் தாண்டிக் கல்லுக்கு மிகக் கொஞ்சமே ஏறும். மேல்மாடியில் வாடகை குறைவு. ஆனால் மாடித் தரை ஆடும் என்பதற்காகவே அதிக வாடகை கொடுத்துக் கீழே எடுத்திருக்கிறார்கள். இயந்திரத்தின் விலையைச் சொல்லிப் பெருமைப்படுகிற இடங்களைப் பார்த்திருக்கிறேன். அது நிற்கிற தரையைப் பற்றி இவ்வளவு யோசித்தவர்களை இங்கேதான் பார்த்தேன்.

வேலை எப்படி நடக்கிறது என்று தெரியாமல் போகிறவர்களுக்குச் சுருக்கமாக. 125 மைக்ரோமீட்டர் நீளமுள்ள ஒரு சிலிக்கான் கான்டிலீவர், அதாவது ஒரு முனை மட்டும் பிடித்து நிற்கிற வளையும் பட்டை, அதன் நுனியில் கீழ்நோக்கி ஒரு கூர். கூரின் முனை புதிதாக இருக்கும்போது சுமார் 10 நானோமீட்டர் ஆரம், நல்லதாக அமைந்தால் அதைவிடவும் குறைவு. கான்டிலீவர் முதுகில் லேசர் பட்டுத் திரும்பி உணரியில் விழுகிறது. கூர் மேடு ஏறினாலும் பள்ளம் இறங்கினாலும் அந்த ஒளிப்புள்ளி நகரும், அதை வைத்து, மின்னழுத்தத்துக்கு ஏற்ப நீண்டு சுருங்கும் பீசோ தண்டு மாதிரியின் உயரத்தைச் சரிசெய்துகொண்டே வரும். இப்படிக் கோடு கோடாக வருடி 512 கோடு போட்டால் ஒரு படம். நொடிக்கு ஒரு கோடு என்றால் எட்டரை நிமிடம். இதற்கு முன்னோடி வருடு ஊடுருவு நுண்ணோக்கி, 1981இல் சூரிச்சில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் கெர்ட் பின்னிக்கும் ஹைன்ரிச் ரோரரும் ஓட்டிக் காட்டியது, 1986இல் அவர்களுக்கு நோபல் பரிசில் பாதி கிடைத்தது. ஆனால் அது மின்சாரம் கடத்தும் பரப்பில்தான் வேலை செய்யும். நம் ரப்பரும் பாக்டீரியாவும் எங்கே கடத்தும்? அதே 1986இல் பின்னிக், கால்வின் குவேட், கிறிஸ்டோஃப் கெர்பர் மூவரும் வெளியிட்ட அணுவிசை நுண்ணோக்கிதான் நமக்கு வழி திறந்தது. அதன் முதல் கான்டிலீவர் தங்கத் தகட்டில் ஒட்டிய வைரத் துண்டு. கூரை இழுத்துக்கொண்டே போகாமல் தட்டித் தட்டிப் போகச் செய்யும் முறை 1993இல் வந்தது, மென்மையான பொருளுக்கு அதுதான் உயிர். இதையெல்லாம் அண்ணன், கேட்கிறவர் பேராசிரியரா ஐந்தாம் படிவ மாணவரா என்று பாராமல் ஒரே பொறுமையோடு சொல்கிறார்.

என் முதல் மாதிரி அபிரகத் தகட்டில் ஏற்றிய ஸ்டியரிக் அமிலப் படலம். அபிரகத்தின் மேல் ஒட்டுநாடாவை அழுத்தி ஒரே இழுப்பாக உரித்தால் மேலடுக்கு கழன்று வந்துவிடும், அடியில் இருப்பது அணு அளவுக்குச் சமதளமான புத்தம் புதுப் பரப்பு. படலத்தை நானே செய்து கொண்டுபோனேன்: ஹெக்சேனில் கரைத்த அமிலத்தைச் சுத்தமான தண்ணீர் மேல் சொட்டு விட்டு, ஹெக்சேன் பறந்த பிறகு, முன்பே நீருக்குள் நிறுத்தியிருந்த அபிரகத்தை மெதுவாக மேலே இழுப்பது. தண்ணீரில் அந்த மூலக்கூறுகள் நீரை விரும்பும் தலையை நீரில் வைத்து, நீரை ஒதுக்கும் வாலை மேலே தூக்கி நிற்கும். செம்பனை ஆலைக் குட்டையில் எண்ணெய் மிதந்து வானவில் நிறம் காட்டுகிறதே, அது நூற்றுக்கணக்கான நானோமீட்டர் கனம். ஒற்றை மூலக்கூறுப் படலத்துக்கு நிறமே தெரியாது, குட்டையில் சிற்றலை அடங்குவதை வைத்துத்தான் அது இருப்பதே புரியும். பெஞ்சமின் பிராங்க்ளின் லண்டன் கிளாப்பம் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு அரை ஏக்கர் தண்ணீர் கண்ணாடியாக அடங்கியதைப் பார்த்து எழுதி, 1774இல் அது அச்சில் வந்தது. எண்ணெயின் அளவைப் பரப்பளவால் வகுத்தால் ஓரிரு நானோமீட்டர்தான் வரும். அவர் அந்தக் கணக்கைப் போடவில்லை. படலத்தைத் திடப்பரப்புக்கு அடுக்கடுக்காக ஏற்றும் முறையை இர்விங் லாங்மியூரும் கேத்தரின் பிளாட்ஜெட்டும் கொண்டு வந்தார்கள். ஒழுங்காகச் செய்வதென்றால் அவர்கள் பெயரில் உள்ள தொட்டி வேண்டும். அது இந்தக் கடையில் இல்லை, படலத்தை நீங்கள்தான் செய்து கொண்டுவர வேண்டும்.

படம் வர வர நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இங்கே அது வெறும் அனுமதி மட்டும் இல்லை, கட்டாயமே. மாதிரியைக் கொடுத்துவிட்டு மூன்று நாள் கழித்து வருகிறேன் என்றால் அண்ணன் ஒத்துக்கொள்வதில்லை. திரையில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக ஒரு சமவெளி விரிந்தது, அங்கங்கே கறுப்பாகச் சில ஓட்டைகள். ஓட்டை படலத்தில்தான் இருக்கிறதா, இல்லை எனக்கு அப்படிப் படுகிறதா? அண்ணன் அதைப் பேசித் தீர்க்கவில்லை. கூரைத் தட்டும் முறையிலிருந்து இழுக்கும் முறைக்கு மாற்றி, விசையை நன்றாகக் கூட்டி, ஒரு மைக்ரோமீட்டர் சதுரத்தைத் திரும்பத் திரும்பச் சுரண்டினார். பிறகு மறுபடி தட்டும் முறைக்கு வந்து ஐந்து மைக்ரோமீட்டர் அகலத்துக்கு வருடினார். நடுவில் ஒரு சதுர ஜன்னல்! வெட்டிய விளிம்பு நேராக, இடமும் வலமும் சுரண்டி ஒதுக்கிய அமிலம் வெள்ளை வரப்பாகக் குவிந்து, உள்ளே அபிரகம் துடைத்துவிட்டது போலச் சமமாக. ஜன்னலின் ஆழமும் அந்தக் கறுப்பு ஓட்டைகளின் ஆழமும் ஒன்றாக இருந்தன, இரண்டும் 2.5 நானோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மூலக்கூறுகள் நிமிர்ந்து நிற்காமல் கொஞ்சம் சாய்ந்து நின்றால் அப்படிக் குறையும். ஆக அது ஒற்றை அடுக்குதான், ஓட்டை நிஜமான ஓட்டைதான். சுரண்டிய கூர் அதோடு சரி, அதில் அமிலம் ஒட்டியிருக்கும், அடுத்த மாதிரிக்கு ஆகாது. அதை எனக்கு முன்னாலேயே கழற்றி வேறு போட்டார்.

தொடங்குவதற்கு முன்னால், உயரம் தெரிந்த படிக்கட்டுள்ள ஒரு சிலிக்கான் தகட்டை வருடி, திரையில் வருகிற எண் தகட்டின் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று காட்டிவிட்டுத்தான் நம் மாதிரியைத் தொடுகிறார். நானாகக் கேட்கவில்லை. இந்த ஒரு பழக்கத்துக்காகவே இன்னும் ஒரு மடங்கு தூரம் என்றாலும் இங்கே வருவேன்.

ரப்பர் படலத்தையும் எடுத்தோம். முன்கூட்டியே கந்தகம் ஏற்றிய பாலைக் கண்ணாடியில் ஊற்றிக் காயவைத்தது. கித்தாப் பாலில் துகள்கள் ஒரு மைக்ரோமீட்டருக்கு எவ்வளவோ கீழே தொடங்கி 3 மைக்ரோமீட்டர் வரை எல்லா அளவிலும் இருக்கும், ஒவ்வொன்றைச் சுற்றியும் புரதமும் கொழுப்பும் சேர்ந்த தோல். காய்ந்த பிறகும் துகள்களின் எல்லை படத்தில் அப்படியே தெரிந்தது, முழுக்கக் கரைந்து ஒன்றாகவில்லை. உயரப் படத்தைவிட, தட்டும் கூரின் ஆட்டம் அதை ஆட்டிவிடும் தாளத்துக்கு எவ்வளவு பிந்துகிறது என்று பதிவு செய்யும் கட்டப் படத்தில்தான் அது பளிச்சென்று வந்தது, ஏனென்றால் அங்கே மென்மையான இடமும் கடினமான இடமும் பிரிந்து தெரியும். ஆனால் கட்டப் படத்தில் வரும் வெளிச்சம் இருட்டை வைத்து இதுதான் புரதம், இதுதான் ரப்பர் என்று உறுதியாகச் சொல்லிவிடக் கூடாது, தட்டும் விசையை மாற்றினால் வெளிச்சமும் இருட்டும் இடம் மாறிவிடும் என்று அண்ணனே விசையை மாற்றிக் காட்டினார். படலத்தை நீரில் ஊறவைத்துக் கழுவிய பிறகு இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள், கழுவினால் போவதும் போகாததும் தெரியும் என்று அவர் சொன்ன யோசனை என் ஆய்வில் ஒரு அதிகாரமாகவே வளர்ந்துவிட்டது. பச்சை ரப்பர், அதாவது கந்தகம் ஏற்றாதது, கூரில் ஒட்டிக்கொண்டு படத்தையே இழுத்துவிடும். அதைக் கொண்டுவந்தால் கூர் காசு உங்கள் கணக்கில் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறார்.

நம் ஊர் ஈரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். காற்றில் இவ்வளவு ஈரம் இருக்கும்போது எந்தப் பரப்பின் மேலும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் உட்கார்ந்திருக்கும். கூர் கிட்டே போனதும் நீர் இரண்டுக்கும் நடுவே பாலமாகி அதைக் கீழே இழுக்கும், மென்மையான படலம் கிழிந்துபோகும். அதனால் பின்னறையில் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் முந்தின ராத்திரியிலிருந்தே ஓடுகிறது, வருடும்போது மட்டும் அதையும் ஏர்கானையும் நிறுத்திவிடுகிறார்கள். காற்றடித்தால் படம் நகர்ந்துவிடுமாம். அறை புழுங்கும், கைத்துண்டு எடுத்துப் போங்கள்.

இனி நுண்ணுயிர். இது அக்காவின் பகுதி, அவர் ரொம்பக் கண்டிப்பு. கழிவுநீர்க் குட்டையிலிருந்து அள்ளிய தண்ணீரை அப்படியே பாட்டிலில் கொண்டுபோனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். அங்கே உயிரிப் பாதுகாப்புப் பெட்டி இல்லை, அதனால் உயிரோடு இருக்கும், என்ன வகையென்று தெரியாத கிருமி எதுவும் உள்ளே வராது. நீங்கள் உங்கள் ஆய்வுக்கூடத்திலேயே 2.5 சதவீத குளூட்டரால்டிஹைடில் கிருமியைக் கொன்று, வடிவம் கலையாமல் நிலைப்படுத்திக் கொண்டுவர வேண்டும், எங்கே எப்படிச் செய்தீர்கள் என்று எழுதிக் கையெழுத்தும் போட வேண்டும். சிலருக்கு இது கெடுபிடியாகத் தெரிகிறது. எனக்கு இது சரியாகப் படுகிறது, பக்கத்தில் சாப்பாட்டுக் கடை இருக்கிற தெரு அது.

நான் கொண்டுபோனது வெட்டிய பாலை அமோனியா போடாமல் வைத்தால் அதில் பெருகிக் கெட்ட வாடையும் புளிப்பும் உண்டாக்குகிற பாக்டீரியாக்கள். பாலில் அவை தின்று கழிக்கும் ஆவியாகும் கொழுப்பு அமிலங்களின் அளவை வைத்துத்தான் நாங்கள் ஆலையில் பால் எவ்வளவு பழுதாகியிருக்கிறது என்று கணக்குப் பார்க்கிறோம், ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கிற உயிர்களை நான் கண்ணால் பார்த்ததில்லை.

அபிரகமும் எதிர்மின்னூட்டம், பாக்டீரியாவின் மேற்பரப்பும் பெரும்பாலும் எதிர்மின்னூட்டம், அதனால் வெறும் அபிரகத்தில் செல் நிற்காது, கூர் பட்டதும் உருண்டு போய்விடும். அக்கா அபிரகத்தை ஜெலட்டின் கரைசலில் நனைத்து நிறுத்திக் காயவைத்து, அதன் மேல் செல்களை விட்டுச் சிறிது நேரம் பொறுத்து அலசுகிறார். ஜெலட்டின் பன்றியிலிருந்து எடுத்ததாகவும் இருக்கலாம் என்பதால் அதைத் தொட விரும்புகிறீர்களா இல்லையா என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுகிறார். வேண்டாமென்றால் பாலி லைசின் பூசிய தகடு தருகிறார். கேட்காமல் செய்துவிட்டு அப்புறம் சொல்கிற இடங்களுக்கு நடுவில் இந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

உப்பு விஷயத்திலும் அவர் சொல்வதைக் கேளுங்கள். பாஸ்பேட் உப்புக் கரைசலிலேயே காயவிட்டால் செல்லைச் சுற்றி உப்புப் படிகம் முளைத்து, எது செல் எது உப்பு என்று தெரியாமல் போகும். கடைசி அலசலுக்கு அம்மோனியம் அசிடேட் கரைசல், அது காயும்போது ஆவியாகவே போய்விடும். என் தகட்டில் பின்னணி இவ்வளவு சுத்தமாக வந்ததற்கு அதுதான் காரணம்.

படத்தில் இரண்டு மைக்ரோமீட்டர் நீளத்தில் தடிகள், பக்கத்தில் ஒட்டிய ஜோடிகள். காய்ந்த செல் என்பதால் தட்டையாகிவிட்டிருந்தது. ஈரத்தில் ஒரு மைக்ரோமீட்டர் பக்கம் உயரம் இருக்கவேண்டியது சில நூறு நானோமீட்டராக இறங்கி, நடுவில் பள்ளமும் விழுந்திருந்தது. உயரப் படத்தில் செல்லின் முதுகு வெள்ளை பூசினது போல இருந்தது, ஒன்றும் புரியவில்லை. கூர் தட்டும் வீச்சின் மாறுபாட்டைக் காட்டும் படத்துக்கு மாற்றியதும் சுருக்கங்கள், விளிம்பு, எல்லாம் வந்தது. அப்புறம் அக்கா திரையின் ஓரத்தைக் காட்டினார். ஒரு செல்லின் நுனியிலிருந்து மெல்லிய இழை ஒன்று புறப்பட்டு, அலையலையாக வளைந்து, அபிரகத்தின் மேல் படுத்திருந்தது. நீந்துவதற்கு வைத்திருக்கிற கசையிழை! அதன் உயரம் 20 நானோமீட்டருக்குக் கொஞ்சம் கீழே, ஆனால் படத்தில் அகலம் அதைவிடப் பல மடங்கு. தடிமனான சுண்ணாம்புக் கட்டியால் கோலம் போட்டால் கோடு கட்டியின் தடிமனுக்குத்தான் வரும், இங்கேயும் கூரின் பருமன் இழையின் அகலத்தோடு சேர்ந்துகொள்கிறது. ஆகவே சின்னப் பொருளுக்கு உயரத்தை நம்புங்கள், அகலத்தை நம்பாதீர்கள் என்றார் அண்ணன். இதை அறிக்கையிலும் எழுதிக் கொடுக்கிறார்.

பழைய இடத்தில் எனக்குக் கிடைத்த அந்த இரட்டைச் செல் படத்தையும் இவர்களிடம் காட்டினேன். அண்ணன் என் புதுத் தகட்டை 90 பாகை திருப்பி வைத்து மறுபடி எடுத்தார். மாதிரியோடு சேர்ந்து திரும்பினால் அது மாதிரியில் இருக்கிறது, திரும்பாமல் அதே திசையில் நின்றால் கூரிலிருந்து வருகிறது. என் புதுப் படத்தில் இழையும் செல்லும் சேர்ந்தே திரும்பின. யார் கேட்டாலும் செய்கிறார்களாம், கூடுதல் காசு இல்லை.

கொடுப்பது: மூலக் கோப்பு முழுவதும், அளவுகோலோடு கூடிய படங்கள், எந்தக் கூர், எந்த விசை, எந்த வேகம் என்ற குறிப்பு. அலங்கார முப்பரிமாணப் படம் கேட்டால்தான். மூலக் கோப்பைத் திறக்க காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டாம், குவிடியான் (Gwyddion) என்ற இலவச மென்பொருள் போதும். செக் நாட்டு அளவியல் நிறுவனத்தின் ஆதரவில் வளர்வது. அதில் ஒரு எச்சரிக்கை. கோடு கோடாகச் சமப்படுத்தும் பொத்தானைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினால், உயரமான செல் இருக்கிற வரியெல்லாம் கீழே அமுங்கி, செல்லுக்கு இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்துவிடும். செல்லை மறைத்துவிட்டு மீதியை மட்டும் வைத்துச் சமப்படுத்த வேண்டும். அக்கா இதைத் தன் மடிக்கணினியில் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார், அதற்குத் தனிக் கட்டணம் கேட்கவில்லை.

குறைகளும் உண்டு. பெரிய குறை, திரவத்துக்குள் வருடும் வசதி இல்லை. இந்த நுண்ணோக்கியின் பெரிய பலமே தண்ணீருக்குள் உயிரோடு இருக்கிற செல்லைத் தொட்டுப் பார்க்க முடிவதுதான். காய்ந்து சுருங்கிய செல்லை வைத்து அது எவ்வளவு மென்மையானது, மருந்து போட்டால் சுவர் எப்படி மாறுகிறது என்றெல்லாம் கேட்க முடியாது. உங்கள் ஆய்வு அதுவென்றால் இங்கே போய் நேரத்தை வீணாக்காதீர்கள், திரவக் கலம் உள்ள பல்கலைக்கழகத்தைத் தேடுங்கள். இரண்டாவது, பகல் நேரம். கல் எவ்வளவுதான் தொங்கினாலும் பாரமேற்றிய லோரி வாசலில் பிரேக் போட்டால் படத்தில் ஒரு வரி சிதறும், பெரிய பரப்பை வருடும்போது பரவாயில்லை, ஒற்றை மூலக்கூறுப் படிக்கட்டை அளக்கும்போது எரிச்சல். ராத்திரி எட்டு மணிக்கு மேல் நேரம் கேளுங்கள், தருகிறார்கள். மூன்றாவது, அங்கீகாரச் சான்றிதழ் கிடையாது. வாங்குபவருக்கோ அரசு அலுவலகத்துக்கோ முத்திரையோடு காட்ட வேண்டிய அறிக்கை என்றால் இது செல்லாது, ஆய்வேட்டுக்கும் ஆலைக்குள் பார்ப்பதற்கும் மட்டும்தான்.

காத்திருப்பும் நீளம். ஒரே இயந்திரம், இரண்டே பேர். பள்ளி விடுமுறையில் மாணவர்கள் வந்துவிட்டால் இன்னும் நீளும், அவர்களிடம் கட்டணமும் குறைத்தே வாங்குகிறார்கள். அதைக் குறையாகச் சொல்ல மனசு வரவில்லை. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் சிலர் அறிவியல் விழாவுக்காகச் செம்பருத்தி இதழைக் கொண்டுவந்து, இதழின் மேல் மடிப்பு மடிப்பாக வருகிற வரிகளைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்ததை நானே கண்டேன். அவர்களுக்குப் பின்னால் என் முறை தள்ளிப்போனது, போகட்டும்.

காசு விஷயம். நேரக் கணக்கில் வாங்குகிறார்கள், மாதிரிக் கணக்கில் இல்லை. என் ஸ்டியரிக் அமிலப் படலம் ஒரு மாலையில் முடிந்தது, கூரையும் சேர்த்து 300 வெள்ளிக்குள் வந்தது. கூர் உடைந்தால் யார் காசு என்பதுதான் இந்தத் தொழிலில் எல்லாச் சண்டைக்கும் காரணம், அது 100 வெள்ளிக்குக் குறையாத சாமான். இங்கே விதி தெளிவு: அவர் கையில் உடைந்தால் அவர் கணக்கு, ஒட்டுகிற மாதிரி, சுரண்டுகிற வேலை என்றால் நம் கணக்கு. பழைய கூரைப் போட்டு ஏமாற்றுவதில்லை, புதுப்பெட்டியைக் கண் முன்னால் திறக்கிறார்.

போகிறவர்கள் மாதிரியை ஒரு சென்டிமீட்டர் சதுரத்துக்குள் வெட்டிக் கொண்டுபோங்கள், கனம் சில மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இரட்டை ஒட்டுநாடாவில் உட்கார வைக்கலாம், ஆனால் வருடப்போகும் பரப்பில் விரலும் நாடாவும் படவே கூடாது, விரல் ரேகையில் இருக்கும் எண்ணெய் உங்கள் படலத்தைவிடக் கனம். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைக் கூடவே போட்டுவிடுங்கள். கழுவின மாதிரியோடு கழுவாத மாதிரி ஒன்றும், எதுவும் ஏற்றாத வெறும் அபிரகம் ஒன்றும் எடுத்துப் போங்கள்; வெறும் அபிரகத்தை முதலில் எடுத்துப் பார்க்காமல் அண்ணன் மற்றதைத் தொட மாட்டார். திரவக் கலத்துக்காகக் காசு சேர்த்துக்கொண்டிருப்பதாக அக்கா சொன்னார், எத்தனை பேருக்குத் தேவை என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார். போனால் உங்கள் பெயரையும் எழுதிவிட்டு வாருங்கள்.